இதர சேவைகள்

ஜூலை முப்பத்தொன்று. கடைசி நாள்.
செக்காலை ரோட்டில் என் ஆபீஸ் படியேறி
பதினொன்றாவது ஆளாக வந்தாள் பஞ்சவர்ணம்.
கையில் பான் கார்டு, ஜவுளிக்கடைப் பை,
பைக்குள் ஒரு டைரி.

"வீட்டு லோனுக்கு வருமான வரிக் கணக்குக் கேக்குறாக.
எழுதித் தாங்க ஆச்சி."
என்ன தொழில் என்றேன்.
"பழைய பஸ் ஸ்டாண்டு" என்றாள்.
அது இடம், தொழில் இல்லை என்று சொல்ல வாயெடுத்து
மவுஸை நகர்த்தினேன்.

திரையில் தொழில்கள் இறங்கிக்கொண்டே போயின.
கோழிப்பண்ணை. கிரானைட். சலவை. முடிதிருத்தம்.
குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக்கூட
தனியாக ஒரு கட்டம் இருந்தது.
"தையல்னு போடவா?"
"எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது ஆச்சி."

சிரித்தாள்.
ஊசி என்றால் எனக்கு என் தம்பி நாச்சியப்பன்.

டைரியைப் புரட்டினேன்.
ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி.
எங்கள் வீட்டுப் பேரேட்டிலும் அப்படித்தான்:
சுழி, சிவமயம்,
அதன் கீழே பினாங்கில் அபின் குத்தகைக்காரனுக்குக் கொடுத்த கடன்,
வட்டி, வட்டியில் கோயிலுக்கு மகமை.
அன்றைக்கு அது சர்க்கார் சரக்கு.
ஏலம் விட்டார்கள், முத்திரை குத்தினார்கள்,
வாங்கி விற்றவன் கனவான்.
அந்த மகமையில் செய்த வெள்ளிக் குடத்தில்தான்
இன்றும் பால் போகிறது சாமிக்கு.
திரிந்ததாகத் தகவல் இல்லை.

இவள் கணக்கு இன்னும் சுத்தம்.
லாட்ஜுக்கு முந்நூறு. ஆட்டோ சேசுவுக்கு நூறு.
ஸ்டேஷனுக்கு இரண்டாயிரம், மாதம் முதல் தேதி.
தேதி ஒருமுறைகூடத் தவறவில்லை.
"இதுக்கெல்லாம் ரசீது?"
"கேட்டா ரெண்டு அடி சேத்துக் குடுப்பாக."

நான் படித்ததையெல்லாம் சொன்னேன்.
சட்டமாக்கிவிட்டால் லைசென்ஸ், ஒரே வரி,
எவனும் உன்னைத் தொட முடியாது என்று.
இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"லைசென்ஸுல போட்டோ இருக்குமா?"
"இருக்கும்."
"அத எங்க மாட்டணும்?
எம்மக தேவகோட்டையில நர்சிங் படிக்கிறா."

வெளியே பால் வண்டி ஹாரன்.
வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து
எவனோ விற்றதை ஏற்றிக்கொண்டான் நாச்சியப்பன்.
என்ன கலப்பு, எவ்வளவு எடை, யாருக்கும் தெரியாது.
அளந்து, லேபிள் ஒட்டி, வெளிச்சத்தில் விற்றிருந்தால்
பிழைத்திருப்பான் என்று
பதினான்கு மாதமாக எல்லோரிடமும் வாதாடுகிறேன்.
அவளிடமும் சொன்னேன், ஏனோ.

"எம் புருசன் குடிச்ச பாட்டில்ல எல்லாம் எழுதியிருந்துச்சு ஆச்சி.
அளவு, வெல, உயிரக் குடிக்கும்கிற வரைக்கும்.
சர்க்கார் கடைதான்.
எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டேதான் குடிச்சாரு."

மின்விசிறி சுற்றியது.
"அப்படின்னா இப்படியே இருக்கட்டுங்கிறியா?"
என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.
"அதுவும் சொல்லல.
என்னை அடிக்காதேன்னு ஒரு சட்டம் போட
எங்கிட்ட எதுக்கு வரி?"
"வரி கட்டத்தானே வந்திருக்கே?"
"அது வீட்டுக்கு" என்றாள்,
சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

'இதர சேவைகள்' என்று போட்டேன்.
பணம் எந்த வழியில் வந்தது என்று சட்டம் கேட்காது.
ஆனால் ஸ்டேஷனுக்குப் போன இருபத்துநாலாயிரத்தைச்
செலவில் கழிக்க விடாது. லஞ்சம், குற்றம்.
அதையும் அவள் வருமானத்தில் சேர்த்தேன்.
போனில் வந்த ஆறு எண்களை
ஒவ்வொன்றாக, மெதுவாக வாசித்தாள்.
செலுத்த வேண்டிய வரி: பூஜ்யம்.

"ஒங்களுக்கு எவ்வளவு?"
ஐந்நூறு என்றேன்.
எண்ணி வைத்துவிட்டு டைரியில் குறித்துக்கொண்டாள்,
ஸ்டேஷனுக்கு அடுத்த வரியில்.

ரசீது புத்தகத்தை எடுத்தேன்.
பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.
"எம் பேருதான் ஆச்சி" என்றாள்.
"முழுசா எழுதுங்க."